ஆறிப்போன கஞ்சி

சவப்பெட்டியின் கண்ணாடி மூடிமேல் ஒரு கோழிக்குஞ்சு நின்றுகொண்டு, அங்கே தூவியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே, வெள்ளைப் பரோங் சட்டை அணிவிக்கப்பட்டு, அர்செனியோ டுமாலாவ் கண்மூடிக் கிடந்தார். குஞ்சின் அலகு எழுப்பிய மெல்லிய ஒலி அவருடைய நெற்றிக்கு நேர்மேலே விழுந்துகொண்டிருந்தது.

லகூனா ஏரிக்கரை ஊர்களில் இதன் பொருளை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நோயால் இறந்தவரின் பெட்டிமேல் குஞ்சு விடுவதில்லை. கொல்லப்பட்டவரின் பெட்டிமேல்தான் விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவரின் நெஞ்சு அரிக்கும் என்பது நம்பிக்கை. மாரடைப்பு என்று மருத்துவரே எழுதிக் கொடுத்த ஒருவரின் பெட்டிமேல் குஞ்சு நின்றதால், துக்கத்துக்கு வந்தவர்கள் காபிக் கோப்பைகளோடு சுவரோரமாகவே ஒதுங்கியிருந்தார்கள். தாம் அருகில் செல்லும் நேரம் பார்த்து அது வேகமாகக் கொத்திவிட்டால் என்ன செய்வது என்ற கலக்கம், குற்றமற்றவர்களிடமும் இருந்தது.

ஹசிந்தா பாலிசாங் மட்டும் பெட்டியருகே சென்று, இறந்தவரின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். சுங்க அலுவலகத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்து, பயணிகளின் பெட்டிகளைத் திறக்காமலேயே உள்ளிருப்பதைச் சொல்லிப் பழகியவர் அவர். ஓய்வுபெற்றபின் மனிதர்களை அதே பார்வையால் சோதித்து வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற நோனோய் முன்னாளில் ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி ஓட்டியவன். இப்போது அவருடைய காரை ஓட்டுகிறான். அவர் விரும்பாத நேரங்களில் வாயையும் ஓட்டுகிறான்.

"மேடம், உங்களைப் பார்த்ததும் குஞ்சு கொத்தறதை நிறுத்திடுச்சு," என்றான் தாழ்ந்த குரலில். "நீங்க கொலைகாரி இல்லைன்னு ஆச்சு. சந்தேகப் பட்டியல்ல ஒரு ஆள் குறைஞ்சுது."

"நீ கிட்ட வா, அடுத்த ஆளையும் பார்த்துடலாம்."

"வேண்டாம் மேடம். எனக்கு வேற பாவங்கள் நிறைய இருக்கு. அது குழம்பிடும்."

பெட்டியின் தலைமாட்டில் அமர்ந்திருந்த நிம்ஃபா எழுந்து வந்தாள். இறந்தவரின் மனைவி. கறுப்பு உடைக்குள் அவளுடைய தோள்கள் மெலிந்திருந்தன. எனினும் முகத்தில் நோயாளியின் வெளிறல் இல்லை. ஹசிந்தாவை அழைத்திருந்தவள் அவள்தான். இருவரும் சன்னலோரம் சென்று நின்றார்கள்.

"குஞ்சை விட்டது நான்தான் அக்கா," என்றாள் நிம்ஃபா. "மாமியாருக்குக் கோபம். ஊரே பேசும்னாங்க. பேசட்டும்னுதான் விட்டேன்."

"காரணத்தைச் சொல்லு."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கூடத்துலேருந்து போன் பண்ணினார். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்குச்சு. 'திங்கக்கிழமை ஊசிக்குப் போகாதே. யார் கையாலயும் எதையும் போட்டுக்காதே. வீட்டுக்கு வந்து சொல்றேன்'னார். வரல. புதன்கிழமை காலையில காவல்காரர் கதவைத் திறந்தப்போ, ஆராய்ச்சிக்கு முட்டை வச்சிருக்கற அறையில தரையில கிடந்தாராம்."

அந்த ஊசியின் கதை ஹசிந்தாவுக்குத் தெரியும். நிம்ஃபாவின் மார்பில் தோன்றிய புற்றுநோய், செய்த சிகிச்சைகளையெல்லாம் கடந்து ஈரலை எட்டியிருந்தது. கட்டிக்குச் சோறு சுமந்து செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருங்க வைத்து, கட்டியைப் பட்டினி போடும் மருந்தொன்றை அவள் கணவரின் ஆய்வுக்கூடம் உருவாக்கியிருந்தது. திங்கட்கிழமை அது முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்படவிருந்தது. முதல் நாற்காலி நிம்ஃபாவுக்கு.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் அவள். "அவரை யாராவது கொன்னிருந்தா, அந்த மருந்துல ஏதோ மறைக்கறாங்க. நான் போட்டுக்க மாட்டேன். அவரே மாரடைப்புல போயிருந்தா, போன்ல பேசினது வெறும் பயம். நான் போட்டுக்கணும். எனக்கு வேற மருந்து மிச்சமில்லை. நாளைக்குக் காலையில அவரை அடக்கம் பண்ணிடுவாங்க. அப்புறம் யாரைப் போய்க் கேப்பேன்?"

"இப்போ உடம்பு எப்படியிருக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. கொஞ்ச மாசமா தேவலை. கட்டி சுருங்கியிருக்குன்னு படம் எடுத்தவங்களே ஆச்சரியப்பட்டாங்க. மாதாவுக்கு வேண்டிக்கிட்டிருந்தேன். அவரும் புதனும் ஞாயிறும் சத்து ஊசி போட்டுவிடுவார். ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டே குத்துவார், வலியே தெரியாது." அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் புதன்கிழமை போடல."

"அன்னிக்கு அவரோட யாரு இருந்தாங்க?"

"டாக்டர் கான்டலேரியா. ஆய்வுக்கூடத்துத் தலைவி. 'அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிட்டேன், அப்போ நல்லாத்தான் இருந்தார், நேரா வீட்டுக்குப் போயிட்டேன்'னாங்க. நேத்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"மாரடைப்புன்னு எழுதினது யாரு?"

"டாக்டர் சமோந்தே. ஆஸ்பத்திரிக்காரர். திங்கக்கிழமை எனக்கு ஊசி போடப்போறவரும் அவர்தான்."

நோனோய் ஹசிந்தாவின் காதருகே குனிந்தான். "சாவுக்குக் கையெழுத்தும் அவரே, ஊசியும் அவரே. ஒரே கவுண்டர்ல எல்லா வேலையும் முடியுது, மேடம்."

விடைபெற்றபோது அவர்களை வழியனுப்ப எவரும் வாசல்வரை வரவில்லை. துக்க வீட்டில் அது முறையன்று.

---

ஏரிச்சாலை திரும்பும் வளைவில், தகரக் கூரையின்கீழ் ஒரு கஞ்சிக்கடை இருந்தது. நோனோய் எதையும் கேட்காமல் காரை அங்கே நிறுத்தினான்.

"பசியா?" என்றார் ஹசிந்தா.

"பசியில்லை. ஆனா துக்க வீட்டுலேருந்து நேரா வீட்டுக்குப் போனா அர்செனியோவும் கூடவே வந்துடுவார். என் வீட்டுல ஏற்கெனவே மச்சான் தங்கியிருக்கான். இடம் கிடையாது."

இடையில் எங்கேனும் நின்று, இறந்தவரின் நிழலை அங்கேயே உதறிவிட்டுப் போவது ஹசிந்தாவுக்கும் பழக்கம்தான். இஞ்சி மணக்கும் கஞ்சி இரண்டு கிண்ணங்களில் வந்தது. கடைக்காரி பசிங், வறுத்த பூண்டைத் தூவி, சிறிய கலமான்சி எலுமிச்சையை ஓரத்தில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"துக்க வீட்டுலேருந்தா?"

"எப்படித் தெரியும் அக்கா?" என்றான் நோனோய்.

"பசிச்சு வந்தவங்க கிண்ணத்தைப் பார்ப்பாங்க. நீங்க ரோட்டைப் பார்க்கறீங்க, பின்னால யாராவது வர்றாங்களான்னு. என் கடை ஆவிகளுக்கான நிறுத்தம், தம்பி. எல்லாரும் இங்கதான் இறக்கிவிட்டுப் போறாங்க."

"அப்போ இந்தப் பக்கத்து நாற்காலி?"

"காலின்னு நினைச்சு காலை நீட்டாதே."

நோனோய் காலை மடக்கிக்கொண்டான். பசிங் ஈரத்துணியால் மேசையைத் துடைத்தவாறே பெருமூச்சுவிட்டாள். "சொல்லக்கூடாது, ஆனா ஊர்ல கொஞ்ச நாளா ஒருத்தரும் போகல. வியாபாரம் படுத்துடுச்சு. பாவம், அர்செனியோ போனப்புறம்தான் பழையபடி ஆளுங்க வர்றாங்க." அவள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். "அதுக்கு முன்னால அந்த மாதிரி வந்தது ஒரே ஒருத்தர்தான். அந்த முட்டை ஆராய்ச்சி டாக்டரம்மா."

ஹசிந்தாவின் கரண்டி கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. "கான்டலேரியாவா? எப்போ?"

"செவ்வாய்க்கிழமை, இருட்டப் போற நேரம். அந்த வெள்ளைக் கார் இந்த வளைவுல திரும்பறதை வருஷக்கணக்கா பார்த்துட்டிருக்கேன், ஒருநாளும் நின்னதில்லை. அன்னிக்கு நின்னுச்சு. கஞ்சி கேட்டாங்க, ஒரு வாய்கூட வைக்கல. ஆடை படிஞ்சு அப்படியே ஆறிப்போச்சு. அப்புறம் எழுந்து வாசல்ல நின்னு பாவாடையை உதறினாங்க, செருப்பைத் தட்டினாங்க, போயிட்டாங்க. நான் 'வருத்தமா இருக்கு டாக்டர், யாரு தவறினது?'ன்னு கேட்டேன். 'யாருமில்லை'ன்னாங்க. சரி, வெளியூர்த் துக்கமா இருக்கும், சொல்ல மனசில்லைன்னு விட்டுட்டேன்."

ஹசிந்தா கரண்டியைக் கீழே வைத்தார். காசை மேசைமேல் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார்.

"நோனோய், செவ்வாய்க்கிழமை அந்தியில அர்செனியோ செத்துட்டார்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? புதன்கிழமை காலையிலதானே காவல்காரர்..." அவன் சாவியைத் திருகாமல் நிறுத்தினான். "ஐயோ."

"அஞ்சு மணிக்குக் கிளம்பினாங்க, அவர் நல்லா இருந்தார், நேரா வீட்டுக்குப் போனாங்க. உயிரோட இருக்கறவரை எதுக்கு வழியில நின்னு உதறணும்?"

"பெரிய படிப்புப் படிச்சவங்க, மேடம். வெளிநாட்டு மேடையிலெல்லாம் பேசறவங்க. அவங்களா இதையெல்லாம்..."

"மேடையில பேசறது படிப்பு. வீட்டுல பேரப்பிள்ளை தூங்கிட்டிருக்கறப்போ வாசப்படியில கால் வைக்கறது வேற. வண்டியைத் திருப்பு."

---

ஆய்வுக்கூடத்தின் முட்டை அறை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது; பெரிய விலங்கொன்றின் வாய்க்குள் நுழைந்ததைப்போல நோனோய்க்குத் தோன்றியது. சுவர்களை ஒட்டி நின்ற அடைகாப்புப் பெட்டிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. டாக்டர் கான்டலேரியா உயரமான பெண்மணி. நரைத்த கூந்தலை ஒரு மயிரும் பிசகாமல் வாரியிருந்தார். வெள்ளை அங்கியின் பொத்தான்கள் அனைத்தும் போடப்பட்டிருந்தன.

"நிம்ஃபாவோட சார்பா வந்திருக்கீங்க. கேளுங்க, என்ன தெரியணும்?" என்றார் அவர்.

அவருக்குமுன் ஒரு தட்டில் முட்டைகள் நின்றன. ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிறு சன்னல் வெட்டி, அதன்மேல் ஒளிபுகும் நாடாவை ஒட்டியிருந்தார்கள். ஹசிந்தா குனிந்து ஒன்றினுள் நோக்கினார். உள்ளே, மஞ்சள்கருவின்மேல், வேர்களைப்போலக் கிளைத்த சிவப்பு இழைகள் படர்ந்திருந்தன. அவற்றின் நடுவே ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து முட்டையில் ஒரு துளி மருந்து விழுந்த இடத்தைச் சுற்றி அந்த இழைகள் கருகிப் பின்வாங்கியிருந்தன.

"பலூத் விக்கறவர் இதைப் பார்த்தா நெஞ்சு வெடிச்சுடும்," என்றான் நோனோய். "உள்ள குஞ்சோட வேகவச்சு உப்புத் தொட்டுச் சாப்பிட வேண்டிய முட்டைக்குச் சன்னல் வச்சு வேடிக்கை பார்க்கறீங்களே, டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தக் குழாய் எப்படி வளருது, எது அதை நிறுத்துதுன்னு இதுலதான் கண்ணால பார்க்க முடியும்."

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்றார் ஹசிந்தா.

"ஏற்கெனவே சொல்லியிருக்கேன். அஞ்சு மணிக்கு. அர்செனியோ இந்த மேசையில உட்கார்ந்திருந்தார். நான் நேரா வீட்டுக்குப் போனேன்."

"கஞ்சி எப்படி இருந்துச்சு?"

டாக்டர் கான்டலேரியாவின் விரல்கள் அங்கியின் கடைசிப் பொத்தானைத் தேடிச் சென்று, அது போட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டன.

"அந்த வளைவுக் கடையில," ஹசிந்தா தொடர்ந்தார். "நீங்க சாப்பிடல. வாசல்ல உதறிட்டுப் போனீங்க. காவல்காரர் கதவைத் திறக்கறதுக்கு ஒரு ராத்திரி முன்னாலயே உங்களுக்கு ஒரு சாவு தெரிஞ்சிருக்கு."

டாக்டர் நாற்காலியில் அமர்ந்தார். "வீட்டுல என் பேத்தி இருந்தா," என்றார். அதற்குமேல் மறுக்க அவர் முயலவில்லை. "நான் கொல்லல."

"இருக்கலாம். மயங்கிக் கிடந்தவரை விட்டுட்டு ஓடியிருந்தா, உதறணும்னு உங்களுக்குத் தோணியிருக்காது. உயிர் போயிடுச்சுன்னு நிச்சயமாத் தெரிஞ்சுதான் கிளம்பியிருக்கீங்க. ஆனா ஆளைக் கூப்பிடல. அது ஏன்?"

"பேசிக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சார். இதயம் ஏற்கெனவே சரியில்லை. கை ஓயற வரைக்கும் நெஞ்சை அழுத்தினேன். பலனில்லை." அவர் தட்டைப் பார்த்தார். "ஆளைக் கூப்பிட்டிருந்தா, மேசைமேல இருந்ததை எல்லாரும் பார்த்திருப்பாங்க. இந்த மாதிரி இன்னொரு தட்டு. அதை எடுத்துக்கிட்டுப் போய் எரிச்சுட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"நாங்க எப்பவும் முட்டையில மருந்தை மட்டும் விட்டுப் பார்ப்போம். அவர் எங்கிட்டச் சொல்லாம, மாதவிடாய் நிக்காத பொம்பளைங்க உடம்புல ஓடற ஹார்மோனையும் சேர்த்து விட்டிருந்தார். அந்த ஹார்மோன் குழாய்களுக்கு 'வளரு, வளரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தத் தட்டுல குழாய்கள் வெடிச்சிருந்துச்சு. ஓட்டுக்குள்ள முழுக்க ரத்தம்." அவர் நிமிர்ந்தார். "வயசான பெண்களுக்கு இந்த மருந்து வேலை செய்யும். அது பொய்யில்லை. ஒரு தட்டுக்காக மொத்தத்தையும் இழுத்து மூடிடுவாங்க. நான் நிம்ஃபா பேரை மட்டும் பட்டியல்லேருந்து எடுத்துடலாம்னு இருந்தேன்."

"மத்த இளம் பெண்கள்?" என்றான் நோனோய். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அவங்க பேரையும்தான். ஏதாவது காரணம் சொல்லி."

ஹசிந்தா கைப்பையை எடுத்துக்கொண்டார். விடை கிடைத்துவிட்டது. கொலை நிகழவில்லை, ஆனால் கணவர் வெறும் பயத்தால் பேசவில்லை. அந்த மருந்தில் மரணம் இருந்தது. "அடக்கத்துக்கு முன்னால அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் வேணும். போய், 'ஊசி வேண்டாம், நீ வீட்டுலயே இரு, பொழைச்சே'ன்னு சொல்லிடறேன். மத்ததை நீங்க போலீஸ்கிட்டச் சொல்லிக்கோங்க."

அவர் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் டாக்டர் கான்டலேரியா.

ஹசிந்தா திரும்பினார்.

"வெடிச்சது மருந்து போட்டப்போ இல்லை. நிறுத்தினப்போ." அவர் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "மருந்து உள்ள இருக்கற வரைக்கும் குழாய் அடங்கியிருக்கும். நிறுத்திட்டா, அந்த ஹார்மோன் கத்தறது ஒரேயடியா காதுல விழும். பழைய குழாயைவிடப் பல மடங்கு முளைக்கும், சுவர் காகிதம் மாதிரி. தாங்காது."

"அவளுக்குத்தான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றான் நோனோய்.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை, ஹசிந்தாவையே பார்த்தார். ஹசிந்தாவின் முகம் மெல்ல மாறியது. சுருங்கிய கட்டி. புதன், ஞாயிறு. முணுமுணுத்த பாட்டு.

"சத்து ஊசி," என்றார் ஹசிந்தா.

"குளிர்ப்பெட்டியில மருந்துக் குப்பி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அன்னிக்குத்தான் கேட்டேன். ஒத்துக்கிட்டார். மனுஷங்களுக்குப் போட ஆரம்பிக்கற வரைக்கும் அவ தாங்க மாட்டான்னு பயந்து முன்னாலயே ஆரம்பிச்சுட்டாராம். அப்புறம் அந்தத் தட்டைக் காட்டி, 'நான் இப்போ நிறுத்தினா அவ எத்தனை நாள் இருப்பா?'ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். அதைக் கேட்டப்புறம்தான் சரிஞ்சார்."

ஹசிந்தா கதவை மூடிவிட்டு உள்ளே வந்தார். புதன்கிழமை ஊசி போடப்படவில்லை. போட வேண்டியவர் இரண்டு நாட்களாகக் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தான் சொல்லவிருந்த நல்ல செய்தி, அவளை வீட்டிலேயே உட்கார வைத்துக் கொன்றிருக்கும்.

"வழி இல்லையா?"

"இருக்கு. தட்டுல கடைசி வரிசை முட்டைகளுக்கு அந்த ஹார்மோனை அடைக்கற மருந்தைச் சேர்த்திருந்தார். அதுங்க மட்டும் வெடிக்கல. புது மருந்தில்லை, எந்த ஆஸ்பத்திரியிலயும் இருக்கும். அதை எடுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறதா இருந்தார். சீக்கிரம் கொடுக்கணும். கண்காணிப்புல வச்சுக் கொடுக்கணும்."

"செவ்வாய்க்கிழமையிலேருந்து உங்களுக்கு இது தெரியும். நேத்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கீங்க."

"முட்டை வேற, பொம்பளை வேறன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்."

"நம்பினீங்களா?"

டாக்டர் கான்டலேரியா எழுந்து, அங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றத் தொடங்கினார்.

---

நிம்ஃபாவின் கைப்பேசி மணியடித்து ஓய்ந்தது. மறுபடியும் மணியடித்து ஓய்ந்தது. "செபமாலை நேரம்," என்றான் நோனோய். நெல்வயல்களுக்கிடையே செல்லும் குறுக்குவழியில், ஜீப்னி ஓட்டிய காலத்தின் வேகம் அவன் கைகளுக்குத் திரும்பியிருந்தது. பின்னிருக்கையில் டாக்டர் கான்டலேரியா நிமிர்ந்து அமர்ந்திருந்தார். ஏரியின்மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

துக்க வீட்டில் செபமாலை பாதியில் இருந்தது. பெண்களின் குரல்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்ந்துகொண்டிருந்தன. நிம்ஃபா முன்வரிசையில், ஒரு கையில் மணிமாலையைப் பிடித்து, மறு கையை இறுக மூடி அமர்ந்திருந்தாள். டாக்டர் நேராகச் சென்று அவள்முன் மண்டியிட்டபோது, செபம் ஒவ்வொரு வாயாக நின்றது.

அவர் எதையும் குறைக்காமல் சொன்னார். அர்செனியோ எப்படி விழுந்தார், தான் என்ன செய்தார், என்ன செய்யவில்லை, எதை எரித்தார், ஏன். பிறகு ஊசியைப் பற்றிச் சொன்னார். முடிந்தபின் நிம்ஃபா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ மாதா இல்லையா?"

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"வேண்டுதல் பலிச்சுதுன்னு நான் ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவத்தி ஏத்தினேன். பக்கத்துல நின்னுக்கிட்டு அவரும் ஏத்தினார். வாயைத் திறக்கலயே." அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே கசங்கிய கைக்குட்டை இருந்தது; அதன் மடிப்புகளில் புதிய சிவப்பும் காய்ந்த சிவப்பும் கலந்திருந்தன. "இது காலையிலேருந்து பல்லீறுல வருது. அழுதழுது வருதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

டாக்டர் கான்டலேரியா கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு, அத்தனை பேருக்கும் நடுவில் மண்டியிட்டபடியே, டாக்டர் சமோந்தேயை அழைத்தார். எந்த மருந்தை ஆயத்தமாக வைக்க வேண்டும், எத்தனை பை இரத்தம் வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னார். மறுமுனையில் ஏதோ கேட்கப்பட்டது. "இல்லை, வதந்தி இல்லை. நானே பார்த்தேன். நானேதான் மறைச்சேன். என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க. திங்கக்கிழமை யாருக்கும் ஊசி போடாதீங்க," என்று சொல்லிவிட்டு, வைத்தார்.

நோனோய் கார்க் கதவுகளைத் திறந்து வைத்திருந்தான். ஹசிந்தா நிம்ஃபாவின் முழங்கையைத் தாங்கி எழுப்பினார். அவள் இரண்டடி நடந்தாள். பிறகு தயங்கி நின்று, மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் அவரை எடுக்காதீங்க."

"காலையில பாதிரியார் வந்துடுவாரேம்மா," என்றாள் மாமியார். அவளுடைய கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது. "குழியும் வெட்டியாச்சு."

"பாதிரியார் காத்திருக்கட்டும்." நிம்ஃபா கைக்குட்டையை வாயில் ஒற்றி, பார்க்காமலேயே மடித்துக்கொண்டாள். "அவரை நான் இன்னும் திட்டவே இல்லை. உட்கார்ந்து, நல்லா வாயாரத் திட்டணும். அதுவரைக்கும் அவர் இங்கேயே கிடக்கட்டும்."